எழும்பூரில் ஏறினால் கொழும்பில் இறங்கலாம்! கடல் கொண்டுபோன தனுஷ்கோடி ரெயில் நிலையத்தின் கதை

"கொழும்புக்கு ஒரு டிக்கெட் கொடுங்க சார்!"

இன்று சென்னை எழும்பூர் ரெயில் நிலையத்தில் போய் இப்படிக் கேட்டுப் பாருங்கள். கவுண்ட்டரில் இருப்பவர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். "ஏன் சார், உடம்புக்கு ஏதாச்சும்...?" என்று கேட்டாலும் கேட்பார்.

ஆனால், ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு டிக்கெட்டும் கொடுத்தார்கள்!

ஒரே டிக்கெட். முதலில் ரெயில், அப்புறம் கப்பல், மறுபடியும் ரெயில். மூன்றுக்கும் அந்த ஒரே டிக்கெட் போதும். எழும்பூரில் பெட்டியைத் தூக்கி வைத்தால், கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறக்கி வைக்கலாம்.

அந்த ரெயிலுக்குப் பெயர் போட் மெயில். அந்த ரெயில் போய் நின்ற கடைசி ஸ்டேஷன் தனுஷ்கோடி.

போட் மெயில் என்ற பெயர் இன்றைக்கும் சென்னை–ராமேசுவரம் ரெயிலுக்கு இருக்கிறது. ஆனால் போட்டும் இல்லை, அந்த ஸ்டேஷனும் இல்லை.

ஸ்டேஷன் எங்கே போயிற்று? 1964–ம் ஆண்டு டிசம்பர் 22–ந்தேதி நள்ளிரவு, கடல் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

தூத்துக்குடியில் இருந்து மாறியது

முதலில் கொழும்புக்கு வழி தூத்துக்குடிதான். சென்னையில் ரெயில் ஏறி தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து கப்பலில் கொழும்புக்குப் போவார்கள். நீண்ட கடல் பயணம். பாதிப் பேருக்கு வாந்தி, மயக்கம்.

"இதைவிடக் குறுக்கு வழி இல்லையா?" என்று வெள்ளைக்காரர்கள் யோசித்தார்கள். வரைபடத்தைப் பார்த்தார்கள். ராமேசுவரம் தீவு இலங்கையை நோக்கி ஒரு விரலை நீட்டியதுபோல இருந்தது. அந்த விரலின் நுனிதான் தனுஷ்கோடி. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குச் சுமார் 22 மைல்தான். கப்பலில் ஏறி உட்கார்ந்து நாலு பேரிடம் ஊர்க்கதை பேசுவதற்குள் அக்கரை வந்துவிடும்.

ஆனால் தீவுக்கு ரெயில் போக வேண்டுமே? நடுவில் கடல் இருக்கிறதே?

அதற்காகக் கட்டப்பட்டதுதான் பாம்பன் பாலம். 2 கிலோ மீட்டருக்கும் கொஞ்சம் அதிகமான நீளம். நடுவில் கப்பல் போவதற்காக இரண்டாகப் பிளந்து மேலே எழும் தூக்குப் பாலம். தொழிலாளர்கள் கையாலேயே நெம்பிச் சுற்றித்தான் அதைத் திறப்பார்கள். 1914–ம் ஆண்டு பிப்ரவரி 24–ந்தேதி பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் போக்குவரத்தும் தொடங்கிவிட்டது.

கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். இவை முதலில் ஓடிய கப்பல்களின் பெயர்கள். பின்னாளில் இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் வந்தன. எல்லாம் வெள்ளைக்காரத் துரைமார்களின் பெயர்கள்தான். ஏறியவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்!

ராமேசுவரம் கிளைப்பாதை, தனுஷ்கோடிதான் மெயின் லைன்!

இப்போது ராமேசுவரம் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் ஆச்சரியமாக இருக்கும். அந்தக் காலத்தில் மெயில் ரெயில் ராமேசுவரத்துக்குப் போகாது!

பாம்பன் அப்போது ஒரு ஜங்ஷன். அங்கே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று ராமேசுவரத்துக்கு. அது கிளைப்பாதை. இன்னொன்று தனுஷ்கோடிக்கு, சுமார் 15 மைல். அதுதான் மெயின் லைன். கப்பல் பிடிக்க வேண்டியவர்கள் நேராக தனுஷ்கோடிக்குப் போய்விடுவார்கள். சாமி கும்பிடப் போகிறவர்கள் பாம்பனில் வண்டி மாற வேண்டும்.

ஸ்டேஷன் வந்ததும் ஊர் பெருத்தது. கப்பல் பயணிகளின் மூட்டை முடிச்சுகளைச் சோதிக்க சுங்க அலுவலகம் வந்தது. துறைமுக அலுவலகம், தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோவில், பயணிகள் தங்கும் சத்திரங்கள் எல்லாம் வந்தன. ரெயில்வே ஊழியர்களுக்குக் குடியிருப்புகள் எழுந்தன.

கப்பல் பயணிகள் மட்டும் வரவில்லை. காசிக்குப் போய்வந்தவர்கள் தனுஷ்கோடி சேதுவில் நீராடினால்தான் யாத்திரை முடியும் என்பது ஐதீகம். ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. அமைதியாக இருப்பதைப் பெண் கடல் என்பார்கள். கொந்தளிப்பதை ஆண் கடல் என்பார்கள். இரண்டும் சேரும் இடத்தில் முழுக்குப் போட வடநாட்டில் இருந்தெல்லாம் கூட்டம் வரும்.

மணல் திட்டில் விளைச்சல் ஏது? குடிக்கும் தண்ணீருக்கே பாடு. ஆனாலும் அந்த ஊரில் வியாபாரம் நடந்தது. கூலி வேலை கிடைத்தது. எல்லாம் அந்த ஸ்டேஷனால்தான். ரெயில் வரும் நேரம் ஊருக்கு விடியும் நேரம். கப்பல் போனதும் ஊர் அடங்கும் நேரம்.

பேப்பர் கட்டு பிடித்த பையன்

இந்தப் பாதையில் ஒரு பையன் பேப்பர் கட்டு பிடித்த கதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

இரண்டாவது உலக யுத்தம் நடந்த நேரம். ராமேசுவரத்தில் ரெயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைக் கட்டுகளை இறக்க வழி இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில், ஓடுகிற ரெயிலில் இருந்து கட்டுகளை வெளியே வீசினார்கள்!

கீழே விழும் கட்டுகளைப் பொறுக்கி எடுக்க, ராமேசுவரத்தில் பேப்பர் ஏஜெண்டாக இருந்தவர் தன் உறவுக்காரப் பையன் ஒருவனைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அந்தப் பையன் வாழ்க்கையில் முதன்முதலாகச் சம்பாதித்த காசு அதுதான்.

அந்தப் பையன் யார்? பின்னாளில் இந்திய ஜனாதிபதியாக இருந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம்! "அக்னிச் சிறகுகள்" புத்தகத்தில் அவரே இதைச் சொல்லி இருக்கிறார்.

கண்ணீரோடு போனவர்கள்

போட் மெயிலில் முதல் வகுப்பில் போன துரைமாரும், வியாபாரத்துக்குப் போன செட்டியார்களும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மூன்றாம் வகுப்பில் கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் யார்? இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யப் போன நம் ஏழைத் தமிழர்கள்.

அவர்களை நேராகக் கப்பலில் ஏற்றிவிட மாட்டார்கள். மண்டபத்தில் முகாம் இருந்தது. அங்கே நிறுத்தி வைத்து, "நோய் நொடி இருக்கா?" என்று சோதித்த பிறகுதான் அனுப்புவார்கள். பிறகு தனுஷ்கோடி. அப்புறம் கப்பல். தமிழ்நாட்டு மண்ணில் அவர்கள் கடைசியாகக் கால் வைத்த இடம் தனுஷ்கோடி துறைதான்.

அவர்களின் பேரன் பேத்திகள் காலத்தில் என்ன நடந்தது? 1964–ம் ஆண்டு அக்டோபர் 30–ந்தேதி பிரதமர் சாஸ்திரியும், இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும். 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும்.

தாத்தா எந்த வழியாகப் போனாரோ, அதே வழியாகப் பேரன் திரும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வழி அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பயங்கர இரவு வந்துவிட்டது.

டிசம்பர் 22: நள்ளிரவு

1964 டிசம்பர் 17–ந்தேதி அந்தமானுக்குத் தெற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. இரண்டு நாளில் அது பெரும் புயலாக மாறியது. 22–ந்தேதி இலங்கையின் வடபகுதியை அடித்து நொறுக்கியது. அதே வேகத்தில் தனுஷ்கோடியை நோக்கிப் பாய்ந்தது.

அன்று இரவு 11 மணி 55 நிமிடம். பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர், வண்டி எண் 653, பாம்பனை விட்டுப் புறப்பட்டது. பயணிகள் 110 பேர். ரெயில்வே ஊழியர்கள் 5 பேர்.

வெளியே கும்மிருட்டு. கொட்டும் மழை. ஊளையிடும் காற்று. வண்டிக்குள் எத்தனை குழந்தைகள் தாய் மடியில் தூங்கிக்கொண்டிருந்தனவோ?

தனுஷ்கோடிக்கு இன்னும் சில நூறு கெஜ தூரம்தான் பாக்கி. சிக்னல் விழவில்லை என்றும், டிரைவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நீளமாக விசில் கொடுத்து வண்டியை மெல்ல நகர்த்தினார் என்றும் சொல்வார்கள். நடந்தது அதுதானா? அதைச் சொல்ல யாரும் மிஞ்சவில்லை.

சுமார் 20 அடிக்கு மேல் உயரமான ராட்சத அலை எழுந்தது. அப்படியே வண்டியின் மேல் விழுந்தது. எஞ்சினோடு, பெட்டிகளோடு, அதில் இருந்த அத்தனை பேரும் ஜலசமாதி! ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ஸ்டேஷனும் போயிற்று. கப்பல் துறையும் போயிற்று. வீடுகள், சத்திரம், சுங்க ஆபீஸ் எல்லாம் போயிற்று. படுக்கையில் இருந்தவர்கள் படுக்கையோடு போனார்கள். அந்தப் புயலில் இந்தியாவிலும் இலங்கையிலுமாகக் குறைந்தது 1,800 பேர் பலியானார்கள் என்று கணக்கிட்டார்கள்.

ராமேசுவரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ராமநாத சுவாமி கோவிலுக்குள் ஓடித் தஞ்சம் புகுந்தார்கள். கடல் தண்ணீர் கோவிலுக்கு அருகில் வந்து நின்றுவிட்டது என்று ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நடிகர் ஜெமினி கணேசனும் நடிகை சாவித்திரியும் அன்று ராமேசுவரத்தில் சிக்கிக்கொண்டு, பிழைத்துத் திரும்பினார்கள்.

இரண்டு நாள் தெரியவில்லை!

இதில் இன்னும் பெரிய கொடுமை என்ன தெரியுமா? ஒரு ரெயில் முழுசாக மூழ்கிய செய்தி வெளி உலகத்துக்கு உடனே தெரியாது!

தந்திக் கம்பிகள் அறுந்துவிட்டன. தீவையும் நாட்டையும் சேர்த்த பாம்பன் பாலம் சிதறிவிட்டது. மண்டபத்தில் இருந்த கடல்துறை அதிகாரி தகவல் கொடுத்து, ரெயில்வே தலைமையகம் அறிவிப்பு வெளியிடுவதற்கு 48 மணி நேரம் ஆகிவிட்டது. வண்டியில் வர வேண்டியவர்களுக்காக வாசலில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ?

டிக்கெட்டில் அடங்காத கணக்கு

பலியானவர்கள் 115 பேர் என்றார்கள். இந்த 115 எப்படி வந்தது?

டிக்கெட்டை வைத்து வந்தது! எத்தனை டிக்கெட் விற்றார்களோ, அத்தனை பயணிகள். அதோடு 5 ஊழியர்கள். அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் ராத்திரி வண்டி. கடைசி ஸ்டேஷனுக்குப் போகிற சின்ன பாசஞ்சர். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் இருக்க மாட்டார்களா? வண்டியில் 200 பேர் வரை இருந்திருக்கலாம் என்று அப்போதே சந்தேகம் கிளம்பியது.

தினமும் மின்சார ரெயிலில் போய்வரும் நமக்கு இது நன்றாகவே புரியும். டிக்கெட் இல்லாத பயணம் தப்புதான். பிடித்தால் அபராதம் போடட்டும். ஆனால் டிக்கெட் எடுக்கவில்லை என்பதற்காகச் செத்தவர்கள் கணக்கிலேகூட ஓர் ஆள் சேராமல் போகலாமா? அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாளே? அவளிடம் போய், "உன் பிள்ளை அந்த வண்டியில் போனான்" என்று யார் சொன்னார்கள்?

பாலத்துக்கு 46 நாள், ஸ்டேஷனுக்கு?

பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126 கர்டர்களைக் கடல் அடித்துக்கொண்டு போய்விட்டது. நடுவில் இருந்த தூக்குப் பாலம் மட்டும் அசையாமல் நின்றது.

"சரி செய்ய 6 மாதம் ஆகும்" என்றார்கள். "3 மாதத்தில் முடியுங்கள்" என்று உத்தரவு வந்தது. பொறுப்பு ஓர் இளம் என்ஜினீயரிடம் ஒப்படைக்கப்பட்டது. கடலில் விழுந்து கிடந்த கர்டர்களையே தேடித் தூக்கி எடுத்து, மறுபடியும் தூண்கள் மேல் ஏற்றினார்கள். 46 நாளில் வேலை முடிந்தது!

அந்த என்ஜினீயர்தான் ஈ.ஸ்ரீதரன். பின்னாளில் கொங்கண் ரெயில்வேயும், டெல்லி மெட்ரோவும் அமைத்துப் புகழ்பெற்றவர்.

பாலம் 46 நாளில் எழுந்தது. ஆனால் தனுஷ்கோடி ஸ்டேஷன் எழவே இல்லை. ஏன்?

பாலம் கட்டத் தூண்கள் நின்றன. தனுஷ்கோடியிலோ கால் ஊன்றவே இடம் இல்லை. இரண்டு கடலுக்கும் நடுவே ஒல்லியான மணல் திட்டு. இன்றைக்குப் பாதை போட்டால் நாளைக்கே இன்னொரு புயல் வராது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? பக்தவத்சலம் முதல்–அமைச்சராக இருந்த சென்னை மாநில அரசு, தனுஷ்கோடியை மனிதர்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்துவிட்டது.

கப்பல் ராமேசுவரத்துக்கு மாறியது. கிளைப்பாதையாக இருந்த ராமேசுவரம் மெயின் லைன் ஆயிற்று. இலங்கையில் இருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர்கள் ராமேசுவரத்தில் வந்து இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். 1980–களில் இலங்கையில் இனக் கலவரம் வெடித்தபோது அந்தக் கப்பலும் நின்றுபோனது.

அக்கரையில் ரெயில் ஓடுகிறது

தனுஷ்கோடிக்கு ஜோடி ஸ்டேஷன் ஒன்று அக்கரையில் இருந்ததே, தலைமன்னார் துறை ஸ்டேஷன். அதன் கதி என்ன?

உள்நாட்டுப் போரில் அந்தப் பாதையும் 1990–ல் நின்றது. தண்டவாளங்கள் பெயர்ந்தன. புதர் மண்டியது. ஆனால் போர் முடிந்த பிறகு நம் நாட்டு ரெயில்வே நிறுவனமான இர்கான் அதை மறுபடியும் போட்டுக் கொடுத்தது. 2015 மார்ச் 14–ந்தேதி பிரதமர் மோடி தலைமன்னாரில் கொடி அசைத்து ரெயிலைத் தொடங்கி வைத்தார்.

ஆக, அக்கரை ஸ்டேஷனுக்கு நாம் உயிர் கொடுத்தோம். இக்கரை ஸ்டேஷன்?

2019 மார்ச் 1–ந்தேதி ராமேசுவரம்–தனுஷ்கோடி புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 208 கோடி ரூபாய். அடிக்கல் நாட்டியதோடு சரி. ரெயில் வரவில்லை.

பாம்பனில் மட்டும் 2025 ஏப்ரல் 6–ந்தேதி புதிய பாலம் திறக்கப்பட்டது. நடுப்பகுதி லிப்ட் போல அப்படியே மேலே எழும்பும். பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரெயில் போக்குவரத்து நின்றுவிட்டது.

போனால் பார்க்கலாம்

இப்போது தனுஷ்கோடிக்குத் தார் ரோடு இருக்கிறது. 2017–ல் அரிச்சல்முனை வரை ரோடு போட்டுத் திறந்தார்கள். அதற்கு முன்பு மணலில் ஜீப்பிலும் வேனிலும் குலுங்கிக் குலுங்கித்தான் போக வேண்டும். இப்போது ராமேசுவரத்தில் பஸ் ஏறினால் போய்விடலாம். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

போகிற வழியில் பாருங்கள். கூரை இல்லாத மாதா கோவில் சுவர் நிற்கிறது. கொஞ்ச தூரத்தில் ரெயில்வே தண்ணீர்த் தொட்டியின் தூண்கள். ஸ்டேஷன் கட்டடத்தின் இடிந்த சுவர்கள். உப்புக் காற்று ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்கிறது.

"வாழத் தகுதியற்ற இடம்" என்று சர்க்கார் சொன்ன அந்த மண்ணில் மீனவக் குடும்பங்கள் இன்னமும் குடிசை போட்டு வாழ்கின்றன. அவர்கள் கடலை விட்டு எங்கே போவார்கள்? மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுக்கிறார்கள். வருகிற ஜனங்களுக்குச் சங்கும் பாசி மாலையும் விற்கிறார்கள். வறுத்த மீன் போடுகிறார்கள்.

வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். "பேய் ஊர்" என்று பேசிக்கொண்டு போகிறார்கள்.

அது பேய் ஊர் அல்ல. ஸ்டேஷன் மாஸ்டர், போர்ட்டர், தபால்காரர், டீக்கடைக்காரர் என்று நம்மைப் போன்றவர்கள் வாழ்ந்த ஊர். அந்த ஸ்டேஷன் இருந்தவரை கொழும்பு நமக்குப் பக்கத்து ஊர். போன பிறகு அது வெளிநாடு.

மறுபடியும் அங்கே ரெயில் விடலாமா, கூடாதா என்பதை என்ஜினீயர்கள் முடிவு செய்யட்டும். பயணிகள் உயிரோடு விளையாட வேண்டாம். ஆனால் மிச்சம் இருக்கிற அந்த நாலு சுவரையாவது விழாமல் தாங்கிப் பிடிக்கலாமே? அதற்கு 208 கோடி ரூபாய் தேவை இல்லை. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு கல். அதில் "653–ம் எண் வண்டியில் வந்தவர்கள், டிக்கெட் எடுத்தவர்களும் எடுக்காதவர்களும்" என்று ஒரு வரி.

அடுத்த முறை ரெயில் நிலையத்தில் "போட் மெயில்" என்ற அறிவிப்பு காதில் விழுந்தால், ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். நள்ளிரவில் பாம்பனை விட்டுப் புறப்பட்ட ஒரு சின்ன பாசஞ்சர் வண்டி, இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை.